அவுலியா, குல்மார்க்கா? பத்து நாள் பனிச்சறுக்குக் குறிப்புகள்

கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி, கோவை

அடுத்த பிப்ரவரியில் அண்ணன் குடும்பமும் நாங்களும் சேர்ந்து ஏழு பேராக ஒரு வாரம் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போவது என்று போன தீபாவளிக்கே முடிவாகிவிட்டது. எங்கே என்பதில்தான் இழுபறி. உத்தராகண்டில் அவுலி இருக்கிறது, காஷ்மீரில் குல்மார்க் இருக்கிறது. மணாலி பக்கம் சோலாங்கும் உண்டு, ஆனால் அரை மணி நேரம் ஸ்கீ என்கிற சறுக்குப் பட்டையைக் காலில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற கூட்டம்தான் அங்கே அதிகம் என்று கேள்வி, அதனால் அதை முதலிலேயே விட்டுவிட்டோம்.

அண்ணன் குல்மார்க் கட்சி. உலகத்திலேயே உயரமான கேபிள் கார்களில் ஒன்று அங்கே இருக்கிறது, போனால் அங்கேதான் என்று நிற்கிறார். அம்மா அவுலி கட்சி, அதற்குக் காரணம் பனி இல்லை. அவுலிக்குக் கீழே இருக்கும் ஜோஷிமட்டின் நரசிம்மர் கோயிலைத்தான் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருப்பிரிதி என்று பெரியவர்கள் சொல்வது, அம்மாவுக்கு இந்த வயதில் அங்கே போக முடியாது, எங்களில் யாராவது போய்ச் சேவித்துவிட்டு வந்தால் போதும் என்கிறார். அண்ணிக்கு எந்தக் கட்சியும் இல்லை. அவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது, வால்பாறை ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவில் பதினைந்தாவதிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிக் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டவர். "எங்கே வேண்டுமானாலும் முடிவு பண்ணுங்கள், வளைவு எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

எனக்குப் பத்து நாள் லீவு சேர்ந்திருந்தது. சரி, நாங்கள் மூன்று பேரும் முதலில் போய் இரண்டு இடத்திலும் மும்மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். மகள் ஏழாம் வகுப்பு, பள்ளியில் கேட்டு லீவு வாங்கியாயிற்று. ஒரே கவலை, இந்த 2024 ஜனவரி முழுக்க இரண்டு இடத்திலும் பனியே இல்லை. குல்மார்க்கில் காய்ந்த புல்லும் மண்ணும் தெரிகிற படங்கள்தான் பேப்பரில் வந்துகொண்டிருந்தன. மாதக் கடைசியில்தான் விழ ஆரம்பித்தது.

முதல் நாள், ரிஷிகேஷ்

கோவையிலிருந்து டெல்லி, அங்கிருந்து டேராடூன், அப்புறம் டாக்ஸியில் ரிஷிகேஷ். இன்றைக்கு எழுத வேறொன்றும் இல்லை. மலைப்பாதையில் ராத்திரியில் வண்டி ஓட்ட விடமாட்டார்கள், அதனால் மத்தியானம் டேராடூனில் இறங்குகிறவர்கள் ரிஷிகேஷில் தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புவதுதான் வழக்கம். இதையும் கணக்கில் சேருங்கள், அவுலிக்குப் போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள்.

இரண்டாம் நாள், ரிஷிகேஷிலிருந்து அவுலி

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஜோஷிமட் ஏறக்குறைய 250 கிலோமீட்டர், நாங்கள் போய்ச் சேர்ந்தது சாயங்காலம் நாலரைக்கு. பாதை முழுக்க ஆற்றை ஒட்டியேதான் போகிறது. தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் வந்து சேரும் இடத்தில் வண்டியை நிறுத்தி மேலிருந்தே பார்த்தோம். இதற்குப் பிறகுதான் அதற்குக் கங்கை என்று பெயர். இங்கேயிருக்கும் ரகுநாதர் கோயிலும் ஒரு திவ்ய தேசம், திருக்கண்டம் என்னும் கடிநகர். அம்மாவுக்கு வீடியோ போட்டுக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை, கையெடுத்துக் கும்பிட்டபடி இருந்தார். அந்த ஒன்றுக்காகவே இந்தப் பாதையில் வந்தது சரி என்று தோன்றியது.

அப்புறம் ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, நந்தபிரயாகை. பெயர்கள்தான் மாறுகின்றன, வளைவுகள் நிற்பதில்லை. பல இடங்களில் சாலையை அகலப்படுத்த மலையைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள், வெட்டின இடத்திலிருந்து கல் உருண்டு வந்து ஓரத்தில் கிடக்கிறது. கர்ணபிரயாகைக்குப் பிறகு மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நான் அண்ணியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜோஷிமட் ஊருக்குள் நுழையும்போது டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைத்தார். 2023 ஜனவரியில் இந்த ஊர் நிலம் உள்வாங்கி 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டது நினைவிருக்கும். சுவரில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று அர்த்தம். இன்னும் அந்தக் குறிகள் தெரிகின்றன. ஒரு வீட்டின் மாடியில் சிவப்புக் குறிக்குப் பக்கத்திலேயே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இங்கிருந்து அவுலிக்குப் போகும் ரோப்வே, நாலு கிலோமீட்டர் நீளம், அதுவும் அப்போது நிறுத்தியதுதான், இன்றுவரை ஓடவில்லை. தூண்கள் நிற்கின்றன, கம்பி தொங்குகிறது, பெட்டி இல்லை.

அதனால் அவுலிக்குச் சாலைதான். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில் பனி இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது, டயருக்குச் சங்கிலி கட்டின உள்ளூர் ஜீப்புக்கு மாறிக்கொண்டோம். அறைக்குள் நுழைந்ததும் படுத்துவிட்டோம், சாப்பாடு கூட வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள், அவுலி

காலையில் மகள்தான் திரையை விலக்கினாள். எதிரே நந்தாதேவி. 7,816 மீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் எழுதியிருப்போம், ஆனால் இது ஜன்னலுக்கு நேரே, பல் விளக்கிக்கொண்டே பார்க்கிற தூரத்தில் நிற்கிறது. வெயில் முதலில் அதன் உச்சியில் மட்டும் பட்டு, பிறகு துரோணகிரி, ஹாத்தி பர்வதம் என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. நேற்றைய பதினொரு மணி நேரம் அத்தோடு மறந்துபோனது.

பத்து மணிக்குப் பயிற்சி. பயிற்சியாளர் இருபத்தாறு வயதுத் தம்பி, ஜோஷிமட்காரர். முதலில் பூட். ஸ்கீ பூட் என்பது பிளாஸ்டிக்கில் செய்த கவசம், முன்பக்கம் நாலு பக்கிள், கணுக்கால் அசையவே முடியாது. கடையில் மகளுக்குக் கொடுத்தது ஒரு அளவு பெரிது, இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர், நானும் தலையாட்டிவிட்டேன். அது தப்பு. ஸ்கீ பூட்டுக்குள் ஒரே ஒரு ஜோடி சாக்ஸ்தான் போட வேண்டும், காலைப் பிடித்தாற்போல இருக்க வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் அதற்குக் கீழே இருக்கும் முன்பக்க எலும்பு பூட்டின் நாக்கில் அழுந்த வேண்டும். பெரிய பூட்டில் கால் உள்ளே ஆடி ஆடி, சாயங்காலத்துக்குள் அவளுக்குக் காலில் நீலமாகக் கன்றிப்போய்விட்டது. மறுநாள் வேறு கடையில் மாற்றினோம்.

முதல் ஒரு மணி நேரம் சறுக்கவே விடவில்லை. ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டித் தள்ளி நடப்பது, அப்புறம் இரண்டு காலிலும் மாட்டிச் சரிவுக்குக் குறுக்காக நின்று நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறுவது, அப்புறம் விழுவது. ஆமாம், விழுவதற்குத் தனியாகப் பயிற்சி. பின்னால் சாயாமல் பக்கவாட்டில் உட்காருவது போல விழ வேண்டும், எழும்போது ஸ்கீ இரண்டையும் சரிவுக்குக் குறுக்கே திருப்பி வைத்துக்கொண்டுதான் எழ வேண்டும், நேராக வைத்து எழுந்தால் எழும்போதே அது உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

அதற்குப் பிறகுதான் ஸ்னோ ப்ளோ. ஸ்கீயின் முன் நுனிகள் இரண்டும் கிட்டத்தட்டத் தொட, பின்பக்கம் அகல விரித்து, உள் ஓரத்தை அழுத்தினால் நிற்கும். நின்று பழகினால்தான் போகப் பழகலாம் என்பது அந்தத் தம்பியின் கணக்கு. "குட்னா மோடோ, குட்னா மோடோ" என்று, முழங்காலை மடக்கச் சொல்லி நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தார். மூன்றரை மணி வாக்கில் மகள் இருபது அடி வந்து, கம்பு ஊன்றாமல், அவர் நீட்டின கைக்கு அரையடி முன்னால் தானாக நின்றாள். அவளுடைய ஸ்கீ தேய்ந்த இடத்தில் பனி இரண்டு விசிறி மாதிரி ஒதுங்கிக் கிடந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான்காம் நாள், அவுலி

இன்றைக்கு சேர் லிஃப்ட். 800 மீட்டர் நீளம், கால் தொங்கத் தொங்க மேலே போகிறது. இதிலிருந்து பார்க்கும்போதுதான் அவுலி எப்படிப்பட்ட இடம் என்று புரிந்தது. தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு பெரிய சரிவு, மேலிருந்து கீழ்வரை ஒரே பார்வையில் தெரிகிறது. ஸ்னோ பீட்டர் என்கிற வண்டியை ஓட்டிப் பனியை அழுத்திச் சமமாக்கி வைத்திருக்கிறார்கள். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம், சமமாக அழுத்தின பனியில்தான் ஸ்கீ சொன்னபடி கேட்கும். குழந்தை கீழே எந்த இடத்தில் விழுந்தாலும் மேலே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியும். கூட்டமும் கம்மி, வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அரசு சுற்றுலாக் கழகம் நடத்தும் ஏழு நாள், பதினாலு நாள் பயிற்சி வகுப்பு மாணவர்கள். விடியற்காலையிலேயே வரிசையாகப் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பழகுகிற விதத்தைப் பார்த்தபோது, உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இங்கே ஒரு வகுப்பில் சேர்ந்துவிடுவதுதான் வழி என்று என் மனைவி சொன்னாள். எனக்கும் அதேதான் தோன்றியது.

சரிவுக்குப் பக்கத்தில் ஒரு செயற்கை ஏரி. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் இங்கே நடந்தபோது, பனி போதாவிட்டால் செயற்கைப் பனி தூவுவதற்காக வெட்டியது. நாங்கள் இருந்த நாட்களில் அந்த எந்திரங்கள் ஓடவில்லை. பனி எவ்வளவு இருக்கிறது என்று ஊன்றுகோலைச் செருகிப் பார்த்தேன், மேலே இடுப்புக்குக் கீழ் வரை இறங்கியது, கீழ்ச் சரிவில் ஒரு முழம்தான், சில இடத்தில் புல்நுனி தெரிகிறது. அவுலியின் சரிவு 2,500 மீட்டரில் தொடங்கி 3,050 வரைதான். ஒரு வாரம் வெயில் அடித்தால் கீழ்ப்பாதி போய்விடும். பயிற்சியாளர் தம்பி இதை மறைக்கவில்லை. "ஜனவரி முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன் சார், ஒரு ரூபாய் வரவில்லை" என்றார். அவர் வீட்டுச் சுவரிலும் சிவப்புக் குறி, குடும்பம் ஒரு வருஷமாக வாடகை வீட்டில். ரோப்வே ஓடின காலத்தில் சனி ஞாயிறுகளில் நிற்க இடம் இருக்காதாம்.

அடுத்த வருஷம் ஏழு பேரை இங்கேதான் கூட்டிவர வேண்டும் என்று எனக்கு அப்போதே ஆசை வந்துவிட்டது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐந்தாம் நாள், அவுலி, ஜோஷிமட்

காலையில் கடைசிப் பயிற்சி. மகள் பாதிச் சரிவிலிருந்து மூன்று திருப்பம் போட்டு இறங்கினாள். மனைவிக்கு ஒரு பக்கம் திரும்ப வருகிறது, இன்னொரு பக்கம் வரவில்லை, ஆனால் பயம் போய்விட்டது.

மத்தியானம் ஜோஷிமட் இறங்கி நரசிம்மரைச் சேவித்தோம். குளிர்காலத்தில் பத்ரிநாத் நடை சாத்தியிருக்கும், அந்த ஆறு மாதம் இந்த ஊர்தான் பத்ரி பெருமாளின் குளிர்காலப் பீடம். கோயிலில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். கல் தரை உள்ளங்காலைச் சுட்டது, அவ்வளவு குளிர். அம்மாவுக்காகத் தீர்த்தம் ஒரு சின்ன சொம்பில் வாங்கி, மூடியை மெழுகு வைத்து அடைத்துக்கொண்டேன். அர்ச்சகர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும், கோடையில் உங்கள் ஊர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள், பனிக்காலத்தில் வந்து பார்ப்பது அபூர்வம் என்றார்.

ஆறாம் நாள், திரும்பும் சாலை

மறுபடி பதினொரு மணி நேரம். நடுவில் ஒரு இடத்தில் கல் சரிந்து ஒன்றரை மணி நேரம் நின்றோம். எல்லோருக்கும் தலைவலி.

ஏழாம் நாள், குல்மார்க்

டேராடூனிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து ஸ்ரீநகர். விமானத்திலிருந்தே பீர் பாஞ்சால் மலைத்தொடர் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. இறங்கினதும் முதல் வேலை, மனைவியின் போன் செத்துப்போனது. வெளி மாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். வருகிறவர்கள் குடும்பத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். டங்மார்க் வரை சமவெளி, இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த பாப்ளர் மரங்கள். டங்மார்க்கில்தான் மலை ஆரம்பிக்கிறது, அங்கிருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர். பனி அதிகமாக இருந்தால் வெளி வண்டியை இங்கேயே நிறுத்திவிடுவார்கள், சங்கிலி கட்டின உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. வண்டி நின்ற உடனே பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள், கோட்டு வேண்டுமா, பூட் வேண்டுமா, ஸ்லெட்ஜ் வேண்டுமா, கைடு இல்லாமல் மேலே விடமாட்டார்கள் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அது உண்மையில்லை. எல்லாம் தங்கும் இடத்தில் பேசியாயிற்று என்று நிதானமாகச் சொன்னால் விலகிவிடுகிறார்கள். ஒரு ஜனவரி முழுக்கப் பனியில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

வானிலையைப் பற்றி இங்கே தனிக் கணக்கே இருக்கிறது. டிசம்பர் 21லிருந்து நாற்பது நாள் சில்லை கலான், அதற்குப் பின் இருபது நாள் சில்லை குர்த், கடைசிப் பத்து நாள் சில்லை பச்சா. அந்த முதல் நாற்பது நாளில் விழுகிற பனிதான் இறுகி நிற்கும், இந்த வருஷம் அதுதான் ஏமாற்றிவிட்டது என்று விடுதிக்காரர் சொன்னார். நாங்கள் நடு சில்லை குர்தில் வந்து சேர்ந்திருக்கிறோம்.

ராத்திரி அறையில் புகாரி அடுப்பு, விறகு போட்டு எரிப்பது. சாப்பாடு கொண்டுவந்த பெரியவர், மகள் கையைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்து, தன் பெரன் என்கிற நீள அங்கிக்குள்ளிருந்து காங்கிரியை எடுத்து அவள் மடியில் வைத்தார். மண்சட்டி, சுற்றிலும் பிரம்புப் பின்னல், உள்ளே சாம்பலுக்கு அடியில் கனன்றுகொண்டிருக்கும் கரி. கிளறுவதற்கு ஒரு சின்னக் கரண்டியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. அவள் அதைக் கிளறவே இல்லை, அணைத்துக்கொண்டபடி தூங்கிப்போனாள்.

எட்டாம் நாள், குல்மார்க்

அவுலியில் ஒரே சரிவு. குல்மார்க் அப்படியே வேறு. 2,650 மீட்டரில் ஒரு அகலமான கிண்ணம் மாதிரி புல்வெளி, கோடையில் கோல்ஃப் மைதானம், இப்போது முழங்கால் பனி. நடுவில் மேட்டில் மகாராணி கோயில், இன்னொரு பக்கம் 1902ல் கட்டின செயின்ட் மேரி தேவாலயம். கற்றுக்கொள்கிறவர்களுக்கான பேபி ஸ்லோப் இந்தக் கிண்ணத்தின் ஓரத்திலேயே இருக்கிறது, எங்கள் விடுதியிலிருந்து ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் போதும். சரிவு அவுலியைவிடத் தட்டை, இழுத்துக்கொண்டு மேலே விடும் சின்ன லிஃப்ட் இருக்கிறது, விழுந்தாலும் உருண்டு போக இடமில்லை. ஏழு வயதுப் பையன்களுக்கு இதுதான் சரி.

குறை என்றால் கூட்டம். ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள், குதிரைக்காரர்கள், ஸ்னோ பைக், எல்லாம் ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்கும் போகின்றன. மகள் ஒரு ஸ்லெட்ஜைத் தவிர்க்கப் போய் இரண்டு தடவை விழுந்தாள். பதினோரு மணிக்கு மேல் சுற்றுலாக் கூட்டம் ஏறிவிடும், அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் பயிற்சியை முடித்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் பயிற்சியாளர் சொன்னார். நல்ல யோசனை, மறுநாள் எட்டரைக்கே போனபோது சரிவில் நாங்கள் மட்டும்தான்.

இந்தப் பயிற்சியாளர் ஐம்பதைத் தாண்டியவர், டங்மார்க் பக்கத்துக் கிராமம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போட்டியிட்ட ஒரே ஆளான ஆரிஃப் கான் இந்த டங்மார்க் பக்கத்துக்காரர்தான், இதே சரிவுகளில் பழகினவர். அவரைப் பற்றிப் பேசும்போது பெரியவரின் குரலே மாறுகிறது. சொல்லிக்கொடுக்கிற விதத்தில் அவுலித் தம்பிக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம். அவர் முழங்காலைப் பார்த்தார், இவர் கண்ணைப் பார்க்கிறார். "ஸ்கீயைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார், உடம்பு தானாகத் திரும்பும்" என்று ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவிக்கு அவுலியில் வராத அந்த இன்னொரு பக்கத் திருப்பம் இங்கே வந்துவிட்டது.

மத்தியானம் கஹ்வா, குங்குமப்பூவும் நொறுக்கின பாதாமும் போட்டது. ரோகன் ஜோஷும் சாதமும். குளிரில் பசி அடங்குவதே இல்லை.

ஒன்பதாம் நாள், கோண்டோலா

டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்திருந்தேன், இங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கேபிள் காரின் முதல் கட்டம் 1998ல் வந்தது, குல்மார்க்கிலிருந்து கொங்டூரி வரை. இரண்டாம் கட்டம் 2005ல், அங்கிருந்து அபர்வத் மலை முகடு வரை, 3,950 மீட்டருக்கு மேல். காற்று பலமாக இருந்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். காலையில் நிறுத்தித்தான் இருந்தது, பன்னிரண்டு மணிக்குத் திறந்தார்கள்.

மேலே இறங்கினதும் பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. வானம் கரும்நீலம். வடக்கே தூரத்தில் தனியாக ஒரு வெள்ளைச் சுவர், நங்க பர்வதம், 8,126 மீட்டர். இங்கே சமப்படுத்தின சரிவு எதுவும் கிடையாது. உலகமெங்குமிருந்து ஆட்கள் குல்மார்க்குக்கு வருவதே இதற்குத்தான், யாரும் தொடாத பனியில் தாங்களே வழி பார்த்து இறங்குவதற்கு. அகலமான ஸ்கீ, முதுகில் மண்வெட்டி, பனிச்சரிவில் புதைந்தால் தேடிக் கண்டுபிடிப்பதற்கு மார்பில் ஒரு டிரான்ஸ்சீவர், இத்தனையும் மாட்டிக்கொண்டு நாலு பேர் நின்றார்கள். பனிச்சரிவு அபாயத்தைப் பார்த்து எந்தப் பக்கம் இறங்கலாம், எந்தப் பக்கம் கூடாது என்று ஸ்கீ ரோந்துக்காரர்கள் கயிறு கட்டித் தடுத்திருக்கிறார்கள். கயிறு இல்லாத பக்கம் அந்த நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள், ஒருவர் பாதி தூரம் இறங்கி நின்ற பிறகுதான் அடுத்தவர் கிளம்பினார். சத்தமே இல்லை, தூள் மட்டும் எழும்பி வெயிலில் மினுங்கியது.

அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கிற கேபிள் கார் இதுதான். ஆனால் இந்த மலை ஒரு வாரம் கற்றுக்கொள்ள வருகிற நமக்கு இல்லை, பார்த்துவிட்டு அதே பெட்டியில் கீழே வர வேண்டியதுதான். இதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நமக்குப் பயன்படுவது நடுவில் இருக்கும் கொங்டூரி. மூவாயிரம் மீட்டருக்கு மேல் என்பதால் அவுலியின் உச்சியும் இதுவும் ஏறக்குறைய ஒரே உயரம், அதாவது அவுலியில் எங்கே சரிவு முடிகிறதோ இங்கே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கீழே பேபி ஸ்லோப்பில் பனி கரைந்து போனாலும் கோண்டோலாவில் ஏறி இங்கே வந்து பழகலாம். நாலு நாள் கீழே பழகின ஆள் ஐந்தாம் நாள் இங்கே வரலாம் என்று பயிற்சியாளர் பெரியவர் சொன்னார். மகளை ஒரே ஒரு தடவை இறக்கிக் காட்டினார், அவள் முழுக்க ஸ்னோ ப்ளோவிலேயே வந்து நின்றாள், முகமெல்லாம் சிவந்து.

பத்தாம் நாள், ஸ்ரீநகர் விமான நிலையம்

ராத்திரி மூன்று பேரும் புகாரியைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம். மகள் அவுலி. அந்தச் சரிவு, சேர் லிஃப்ட், கத்துகிற பயிற்சியாளர் அண்ணா, எல்லாமே அவளுக்கு அங்கேதான் பிடித்திருக்கிறது. எனக்கும் மனசு அங்கேதான் இருக்கிறது, அந்த ஊருக்கு யாராவது போய் ஒரு வாரம் தங்கிச் செலவு பண்ண வேண்டும் என்பதும் சேர்த்து. மனைவி கேட்டாள், ஏழு பேரில் இரண்டு பேர் பத்து வயதுக்குக் கீழே, ஒருவர் அண்ணி, போக வர இரண்டு நாள் அந்தச் சாலையில் அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது, போய்ச் சேர்ந்த பிறகு ஜனவரி மாதிரி பனி இல்லை என்றால் என்ன செய்வது? எனக்குப் பதில் இல்லை.

செலவு பெரிய வித்தியாசம் இல்லை. அவுலியில் பயிற்சியும் சாமான் வாடகையும் மலிவு, டாக்ஸியில் போய்விடுகிறது. குல்மார்க்கில் அறை விலை அதிகம், கோண்டோலா தனி.

ஏழு பேருக்கு குல்மார்க் என்று முடிவு பண்ணிவிட்டோம். பிப்ரவரி இரண்டாம் வாரம், ஏழு ராத்திரி, முதல் நாலு நாள் காலை எட்டரைக்குப் பேபி ஸ்லோப், அப்புறம் கொங்டூரி. அதே பயிற்சியாளர் பெரியவரிடம் சொல்லி வைத்தாயிற்று, அவர் தம்பி மகனும் வருவார், ஏழு பேருக்கு இரண்டு பேர் வேண்டும்.

காலையில் கிளம்பும்போது மேகம் இறங்கிவிட்டது. இரண்டு மூன்று நாளைக்குப் பெரிய பனி வரப்போகிறது, இன்றே கீழே போய்விடுங்கள் என்று விடுதிக்காரர் அவசரப்படுத்தினார். விமானம் ஒரு மணி நேரம் தாமதம். தீர்த்தச் சொம்பு பெட்டிக்குள் சாக்ஸ்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுத்தது அண்ணி. குல்மார்க் என்றேன். வளைவு எத்தனை என்று கேட்டார்.

"எண்ணவில்லை அண்ணி. ஆனால் மலைப்பாதை மொத்தமே பதிமூன்று கிலோமீட்டர்தான்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, டிக்கெட் போடு என்றார்.